செவுத்துக்கு ஒரு ஆள்

"பி டீமுங்களா? அது செவுத்துக்குங்க."

இப்படித்தானுங்க சொன்னாரு. எங்க ஃபுட்பால் கிளப்புக் கோச்சு, சிபி சாரு. பேக்கரியில ஒரு கையில டீ கிளாஸு, ஒரு கையில போனு. யாருகிட்டயோ சொல்லிட்டுச் சிரிச்சாரு. நான் அவருக்குப் பின்னால தேங்கா பன்னுக்கு நின்னுட்டு இருந்தேன். ஒட்டுக் கேக்கற பழக்கமெல்லாம் எனக்கு இல்லீங்க. காதுல வந்து உழுந்துருச்சு. உழுந்தத எடுத்து வெளிய போட முடியுங்களா?

நீங்க சன்னலோரம் வந்துருங்க கண்ணு. எனக்குக் காத்து ஆகாது. காங்கேயமுங்களா? நான் தாராபுரம். பஸ்ஸுல நீங்க எறங்கற வரைக்கும் பேச்சுத் தொணைக்கு ஆச்சு. எம் பொண்ணும் உங்களாட்டத்தான், கேட்டாத்தான் வாயத் தொறப்பா. எட்டாவது முடிச்சிருக்கறா. தாரணின்னு பேரு. அவங்க அத்தை ஊட்டுல இருக்கறா, கூட்டியாரத்தான் போறேன். போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறா. லீவுல்லீங்களா, வெளையாட்டு மும்முரத்துல இருப்பா.

நான் சண்டைக்காரி இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிர்றேன். பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறேன். எங்க டேபிள்ல வந்து கேளுங்க, சுகுணாக்கா கொரல ஒசத்தி யாராச்சும் கேட்டிருக்காங்களான்னு. பீஸு வரும், பாப்போம், நல்லது ஒரு பக்கம், ஓட்டை, கறை, தையல் கோணல் எல்லாம் செகண்ட்ஸுன்னு ஒரு பக்கம் தள்ளிருவோம். கையி பாட்டுக்குத் தள்ளும், வாயி பாட்டுக்குப் பேசும். செகண்ட்ஸுன்னு தள்ளுனா பீஸுக்கு வலிக்கவா போகுது? ஆனா புள்ளைக பீஸு இல்லீங்களே. அதத்தான் நான் கேட்டேன். அது ஒரு குத்தமுங்களா?

தாரணி அவ பாட்டுக்குப் படம் வரைஞ்சுட்டுக் கெடந்தா. நாந்தான் கிளப்புல சேத்தி உட்டேன். ஃபுட்பாலு ஆடுனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜு சீட்டுன்னு எங்க லைன் சூப்பர்வைசர் சொன்னாரு. அவரு மச்சினன் பொண்ணு அப்படித்தான் கோயமுத்தூர்ல படிக்குதாம். படம் வரைஞ்சா சீட்டுத் தருவாங்களா? நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணு. ஏ டீம்ல ஆடுனாத்தான் வெளியூரு மேட்சு, சர்ட்டிபிகேட்டு எல்லாம். பி டீம்ல ஆடுனா வேர்வைதான்.

மாசம் கட்டற பணம் ரெண்டு டீமுக்கும் ஒண்ணுதானுங்க. ஆனா ஏ டீம் புள்ளைக்குப் புல்லு. பி டீம் புள்ளைக்கு அந்தக் கடைசியில, சாயப்பட்டறைக் காம்பவுண்டு ஓரம், ஜல்லிக்கல்லு. உழுந்தா முட்டியில தோலு நிக்காது. ஏ டீம் அடிச்சு பந்து வேலிக்காத்தான் முள்ளுக்குள்ள போனா, பி டீம் புள்ளைக ஓடிப் போயி எடுத்தாரோணும். ஏ டீமு கழிச்சுப் போட்ட பனியன்தான் பி டீமுக்கு. முதுகுல பேரு அச்சடிச்சிருக்குமில்லீங்க, அதக்கூட எடுக்காமத் தருவாங்க. எம் பொண்ணு முதுகுல 'தன்வி'ன்னு இருந்துச்சு. அந்தத் தன்வி எப்பவோ பெங்களூரு போயிட்டா. ஒருக்கா எம் பொண்ணு நல்லா ஓடிப் பந்தத் தட்டுனா. சுத்தி நின்னவங்கெல்லாம் "சூப்பர் தன்வி, சூப்பர்"ன்னு கை தட்டறாங்க. நான் மட்டும் "அவ தாரணிங்க, தாரணிங்க"ன்னு கத்திட்டு இருந்தேன். ஒருத்தரும் திரும்பல.

சரி, செவுத்துக்கு வர்றேன்.

பேக்கரியில கேட்டப்ப எனக்கு அர்த்தம் புரியலீங்க. ஏதோ செவுரு கட்டறாங்க போல, புள்ளைகள விட்டுக் கல்லுத் தூக்க வெக்கறாங்களோன்னு நெனச்சேன். அந்த வெள்ளிக்கெழம தாரணிக்குத் தலைக்கு ஊத்தி உட்டேன். முதுகு தேய்க்கலாம்னு திருப்புனா, விலாவுல ஒரு காயம். கருநீலமா, ரவுண்டா, தோசைக்கல்லாட்ட. தொடையில ஒண்ணு. தொடையில இருந்ததுல பந்து மேல இருக்கற கட்டம் கட்டமான கோடுகூட அச்சாத் தெரிஞ்சுது.

"எவடி அடிச்சா?"ன்னேன்.

"யாரும் அடிக்கலீங்ம்மா."

"பொய் சொல்லாத. எவ அடிச்சா?"

"யாரும் இல்லீங்ம்மா."

பொய் சொன்னா எனக்கு ஆகாதுங்க. சொம்பாலயே நாலு வெச்சேன். ஈர ஒடம்பு, சத்தந்தான் பெருசாக் கேட்டுச்சு. அதுக்கப்பறந்தான் சொன்னா. பந்துதானுங்ம்மா, செவுத்துல நிக்கறப்ப பட்டுதுன்னு. எம் புள்ளைய எவளோ இப்படி அடிச்சிருக்கறாளேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது பாருங்க, அன்னைக்குச் சோறே எறங்கல.

அடுத்த நாளு கம்பெனிக்குப் பர்மிசன் போட்டுட்டுப் போயி நின்னு பாத்தேன். ஃபுட்பால்ல ஃப்ரீ கிக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. பந்த நிறுத்தி வெச்சு ஒருத்தி அடிப்பா. கோலுக்கும் பந்துக்கும் நடுவுல எதிர் டீம் புள்ளைக நாலு பேரு ஒட்டி ஒட்டி வரிசையா நின்னு மறைப்பாங்க. அதுக்குப் பேருதான் செவுரு. மேட்சுல அது எப்பவாச்சும் ஒருக்கா. பிராக்டீஸுக்குப் பெரிய கிளப்புல பிளாஸ்டிக் பொம்மை வெச்சிருப்பாங்களாம். இங்க பொம்மைக்குப் பதிலா பி டீமு. சாயங்காலம் பூரா நிக்கோணும். ஏ டீம்ல ஒவ்வொருத்தியா வந்து அடிப்பா. மேல போனா கோலு, கீழ வந்தா எங்க புள்ளைக.

அடிக்கறதுல பெரிய கை நேத்ரான்னு ஒரு பொண்ணு. கைன்னா காலுதான். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க ஊட்டுப் பொண்ணு, நல்ல சத்தான ஒடம்பு. அவ ஓடியாந்து அடிச்சா. தட்டுன்னு ஒரு சத்தம். ஒரு புள்ள மடங்கி உக்காந்துருச்சு. நேத்ரா ஓடி வந்து, "சாரிடி, வலிக்குதா?"ன்னு முதுகத் தடவறா. நல்ல பொண்ணுதானுங்க, குத்தஞ் சொல்லக் கூடாது. சிபி சாரு அங்கிருந்து விசில ஊதுனாரு.

"நேத்ரா! சாரி சொல்லாத. சாரி சொன்னா அடுத்த அடிக்குக் கால் கூசும். போ, இன்னொண்ணு."

அவ போயி இன்னொண்ணு அடிச்சா.

எங்க புள்ளைகள்ல ரபியான்னு ஒருத்தி இருந்தா, தாரணிக்குச் சிநேகிதி. எலிக்குஞ்சாட்ட இருப்பா. பந்து வர்றப்பவே படக்குன்னு குனிஞ்சுக்குவா. குனிஞ்சா தண்டனை. கிரவுண்ட ரெண்டு சுத்து ஓடியாரோணும். அவ ஓடுவா, வந்து நிப்பா, குனிவா, மறுக்கா ஓடுவா. நான் பாத்துட்டு நின்னப்பவே பாதி நேரம் அவ ஓடிட்டுத்தான் இருந்தா. பயந்தாங்கொள்ளி.

நான் நேராப் போயி சிபி சாருகிட்ட மரியாதையாத்தான் கேட்டேன்.

"ஏனுங் சார், புள்ளைக ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அக்கா, நீங்க வேற. ஏ டீமுக்கு வரோணும்னா மொதல்ல பயம் போகோணும். இங்க எவ கண்ண மூடாம நிக்கறாளோ, அவதான் நாளைக்கு ஏ டீம். செவுத்துல நிக்கறது தண்டனை இல்லீங்க்கா, பரீட்சை."

அப்படிச் சொல்லீட்டாருங்க. பரீட்சைன்னு. அதுவரைக்கும் எனக்கு இத யாரும் சொல்லவே இல்லை. பரீட்சைன்னா படிக்கோணுமில்லீங்களா? படிக்காமப் போயி உக்காந்தா யாரு பாஸ் போடுவா?

அன்னைக்கு சாயங்காலத்துல இருந்தே ஆரம்பிச்சேன். ஊட்டுக்குப் பின்னால துணி தொவைக்கற கல்லு இருக்குது. அதுக்குப் பக்கத்துல செவுத்தோட ஒட்டி அவள நிக்க வெச்சேன். பின்னால போக எடமிருக்கக் கூடாது பாருங்க. எனக்கு ஒதைக்கத் தெரியாது, அதனால கையில எடுத்து எறிஞ்சேன். மொதல்ல வயித்துக்கு, அப்பறம் நெஞ்சுக்கு, அப்பறம் மூஞ்சிக்கு. கண்ண மூடுனா கணக்குல சேராது, மறுக்கா. மூஞ்சியத் திருப்புனா மறுக்கா. அழுதா ஒண்ணு எச்சா.

கம்பெனியில நாளெல்லாம் பீஸத் தூக்கிப் போட்ட கையில்லீங்களா, குறி தப்பாது.

எங்கூட்டுக்காரரு பவர்டேபிள் டைலரு. வாயில்லாப் பூச்சி. மொத நாளு வந்து, "வேண்டாம் சுகுணா, புள்ளைக்கு மூக்குல ரத்தம் வருது"ன்னாரு. "வரட்டும், கிரவுண்டுல வந்தா எல்லாரும் பாப்பாங்க, இங்கயே வந்து முடிஞ்சுரட்டும்"னேன். அவரு சட்டையப் போட்டுட்டு வெளிய போயிட்டாரு. அதுக்கப்பறம் அந்த நேரமானா அவருக்கு வெளிய சோலி வந்துரும். பொண்ண முன்னுக்குக் கொண்டாறது எல்லாம் என்ற தலையில. ஆம்பளைங்க அப்படித்தானுங்க.

பக்கத்தூட்டு அம்மா காம்பவுண்டு மேல எட்டிப் பாத்து, "ஏன் சுகுணா, புள்ளைய இந்த அடி அடிக்கற?"ன்னு கேட்டா. நான் அடிக்கலீங்க. பந்த எறிஞ்சேன். அந்தம்மாவுக்கு ஃபுட்பாலப் பத்தி என்ன தெரியும்?

கொஞ்ச நாளுதான். புள்ள கப்புனு புடிச்சுக்கிட்டா. மூஞ்சிக்கு நேரா பந்து வரும், அப்படியே முழிச்சுப் பாத்துட்டு நிப்பா. இமை ஆடாது. பட்டு உழுந்த பந்தத் தானே குனிஞ்சு எடுத்து எங்கையில குடுத்துட்டு, திரும்பிப் போயி செவுத்தோட நிப்பா. கேட்டா நம்ப மாட்டீங்க, அப்பறமேலுக்கு ஊட்டுல நான் எதுக்காச்சும் கைய ஓங்குனாக் கூட இமைக்கறது இல்லீங்க. சும்மா பாத்துட்டே நிப்பா. அவ்வளவு தைரியம் வந்துருச்சு. படம் வரையறதையும் தன்னால உட்டுட்டா. பேச்சும் கொறஞ்சுருச்சு. வெளையாட்டுல கவனம் வந்துட்டா அப்படித்தானுங்களே?

கிரவுண்டுலயும் பேரு ஆயிருச்சு. நேத்ரா அடிச்ச ஒண்ணு தாரணி தாடையில பட்டு, ஒதடு கிழிஞ்சு போச்சு. பல்லெல்லாம் ரத்தம். அப்படியே துப்பிட்டு நின்னா, கைய எடுத்து மூஞ்சிய மூடல. சிபி சாரு விசில வாயில இருந்து எடுத்துட்டுக் கை தட்டுனாருங்க. "பாருங்கடி! இதாண்டி செவுரு! ஏ டீம்காரிக பூரா இவ கால்ல உழோணும்"னாரு. நான் அடுத்த நாளு எங்க டேபிளுக்கே முட்டாய் வாங்கிக் குடுத்தேன்.

அப்பறம் என்னாச்சுங்கறீங்க? அதத்தான் சொல்ல வர்றேன். இந்த அநியாயத்த யாருகிட்டயாச்சும் சொல்லலேன்னா எனக்கு மண்டையே வெடிச்சுரும்.

ஈரோட்டுல பெரிய போட்டி வந்துச்சு. அதுக்கு முன்னால ஏ டீம்ல ஒரு புள்ளைக்குக் கணுக்கால் பிசகிருச்சு. ஒரு எடம் காலி. பி டீம்ல இருந்து ஒருத்திய எடுப்பாங்க. யார எடுக்கோணும்? நீங்களே சொல்லுங்க கண்ணு. வெளியாளு நீங்க. யார எடுக்கோணும்?

ரபியாவ எடுத்தாங்க.

அந்தக் குனியறவள! தாரணி வந்து வாசல்ல செருப்பக் கழட்டிட்டே சொன்னா, "ரபியா ஏ டீம் போயிட்டாங்ம்மா"ன்னு. சிரிச்ச மூஞ்சியோட சொன்னாளுங்க. எனக்கு அதுதான் தாங்கல. ஓங்கி ஒண்ணு உட்டேன். அவ பாத்துட்டே நின்னா. அப்படியே கையப் புடிச்சு இழுத்துட்டுக் கிரவுண்டுக்குப் போனேன்.

அங்க ஏ டீமும் பி டீமும் பிராக்டீஸுல இருக்கறாங்க. ஏ டீம் அம்மாமாருங்க எல்லாம் பிளாஸ்டிக் சேரு போட்டு உக்காந்திருக்கறாங்க. அவங்களுக்குச் சேரு. பி டீமு அம்மாமாருங்க நின்னுதான் பாக்கோணும்.

"ஏனுங் சார், எதுல கொறைஞ்சு போயிட்டா எம் பொண்ணு?"ன்னேன்.

"கொறைச்சலே இல்லீங்க்கா. அதான் பிரச்சினையே"ன்னாரு. "தாரணிய நான் ஏ டீமுக்கு எடுத்துட்டா இங்க செவுத்துல யாரு நிப்பா? அவ ஒருத்தி நிக்கறதாலதான் மத்ததுக நிக்குது. செவுரு இல்லாட்டி நேத்ராவுக்குப் பிராக்டீஸு ஏது? தாரணி கிளப்புக்கு முக்கியமுங்க்கா."

"அந்தப் பயந்தாங்கொள்ளி?"

"ரபியாவுங்களா? குனிஞ்சு குனிஞ்சு, தண்டனைக்கு ஓடி ஓடி, இப்ப என்ற கிரவுண்டுலயே அவளப் புடிக்க ஆளில்ல. நேத்து நேத்ராவையே தாண்டி ஓடிட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லிட்டுச் சிரிச்சாருங்க. பேக்கரியில சிரிச்சாரே, அதே சிரிப்பு.

நான் யாரையும் அடிக்கறவ இல்லீங்க. அவரு கழுத்துல விசிலு தொங்கற கயிறு இருந்துச்சு. அதப் புடிச்சேன். புடிச்சு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஒரு சுத்து சுத்துனேன். மனுசனுக்கு மூஞ்சி செவந்து, கண்ணு வெளிய வந்துருச்சு. "அக்கா... அக்கா..."ங்கறாரு. இப்ப மட்டும் அக்கா! காலால ஒதைக்கறாரு, என்ற மொழங்கால்ல படுது, அடியில ஸ்டட்டுன்னு குமிழு வெச்ச பூட்ஸுங்க, இன்னும் காயம் ஆறல. நான் உடல. அப்படியே ஜல்லிக்கல்லு வரைக்கும் இழுத்துட்டுப் போயி, எங்க புள்ளைக உழற எடத்துலயே தள்ளுனேன். முட்டி தேஞ்சுது பாருங்க. தேயட்டும். புல்லுல நின்னு விசிலு ஊதறவருக்கு அது எப்படித் தெரியும்?

நேத்ரா அம்மா ஓடியாந்து என்னையப் புடிச்சு இழுத்தாங்க. "ஏம்மா, நீ பொம்பளையா, பேயா?"ன்னு கேட்டாங்க. அந்தம்மா கைய நான் கடிச்சிட்டேன்னு இப்ப ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியறாங்களாம். என்ற வாய்க்கிட்டக் கையக் கொண்டாந்தா நான் என்னங்க பண்ணுவேன்? சேர எடுத்து அடிச்சேன்னும் சொல்றாங்க. சேரு நடுவுல வந்துச்சு, காலு உடைஞ்சுது. சேருக் காலு. அவங்களுது இல்ல. அவங்களுக்குத் தோள்பட்டைதான்.

புள்ளைக எல்லாம் அழுகுதுக. நேத்ரா "ஆண்ட்டி, எங்கம்மாவ உட்டுருங்க, ஆண்ட்டி"ன்னு என்ற கால்ல வந்து உழுந்துட்டா. ஏ டீம்காரி கால்ல உழோணும்னு சிபி சாரு சொன்னாரில்லீங்க? உழுந்துட்டா. தாரணி மட்டும் அழுகல. நின்ன எடத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தா. நாந்தான் சொன்னனே, தைரியம்.

ஒரு வழியா எல்லாரும் புடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. சிபி சாருக்குக் கொரலே வரல. கழுத்துல கோடு உழுந்து போச்சு. போலீஸுன்னு ஒருத்தரு, கிளப்பு பேரு கெட்டுரும்னு ஒருத்தரு. கடைசியில சிபி சாரே கையக் காட்டி எல்லாத்தையும் கம்முனு இருக்கச் சொன்னாரு. கரகரன்னு பேசுனாரு.

"உங்களுக்கு என்னக்கா வேணும்? உங்க பொண்ணுக்கு ஏ டீமு. அவ்வளவுதான? சரி. அவ ஒரே ஒரு ஃப்ரீ கிக்கு அடிக்கட்டும். உள்ள போச்சுன்னா ஈரோட்டுக்கு அவளும் வரட்டும். போகலேன்னா இந்தக் கிரவுண்டுப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் தலை காட்டக் கூடாது."

"ஆச்சு"ன்னேன்.

பந்த வெச்சாங்க. ஏ டீம் கோல்கீப்பரு போயி நின்னா. பி டீம்ல இருந்து மூணு புள்ளைக போயி செவுரா நின்னாங்க. நாலாவது எடந்தான் தாரணி எடம். அது காலியா இருந்துச்சு. ஒரு பல்லு உழுந்தாப்புல.

சிபி சாரு அதப் பாத்தாரு. "முழுச் செவுரு இல்லாம அடிச்சாக் கணக்குல சேராதுங்க்கா. நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க"ன்னாரு. "யாரு நிக்கறீங்க?"ன்னு மத்த புள்ளைகளப் பாத்துக் கேட்டாரு. ஒருத்தியும் அசையல. எல்லாம் அவங்கவங்க அம்மா பின்னால போயி ஒட்டிக்குச்சுக. ரபியா ஒருத்திதான் ஒரு எட்டு எடுத்து வெச்சா. "நீ இரு, ஈரோட்டுக்கு வேணும்"னு அவளையும் நிறுத்தீட்டாரு.

எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. ஆளில்லேன்னு சொல்லியே தட்டிக் கழிக்கப் பாக்கறாரு.

"நான் நிக்கறேன்"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, கம்பெனி அடையாள அட்டையக் கழட்டி ரபியா கையில குடுத்துட்டுப் போனேன். போறப்பவே எனக்கு ஒரு ரோசனை. பந்துகிட்ட நின்னுட்டு இருந்த தாரணி காதுகிட்டப் போயி மெதுவாச் சொன்னேன்.

"சாமி, நல்லாக் கேட்டுக்க. என்ற தலைக்கு நேரா அடி. நீ அடிச்சவொடனே நான் படக்குன்னு குனிஞ்சுக்கறேன். அந்தச் சந்துல பந்து உள்ள போயிரும். அந்தக் கோல்கீப்பருக்கு நான் மறைச்சிருப்பேன், அவளுக்குத் தெரியவே தெரியாது. புரிஞ்சுதா?"

அவ என்னையவே பாத்தா.

"நெசமாலுமே குனிஞ்சுக்குவீங்களாம்மா?"

"குனிஞ்சுக்குவேன் சாமி."

"எவ்வளவு குனிவீங்க?"

"இந்தா, இவ்வளவு"ன்னு குனிஞ்சே காட்டுனேன். மூஞ்சி அவ இடுப்புக்கு வந்துச்சு. எம் பொண்ணு எப்பவுமே அப்படித்தானுங்க, எதையும் தெளிவாக் கேட்டுக்குவா.

"செவுத்துல நிக்கறவங்க குனிஞ்சாத் தப்பில்லீங்களாம்மா?"

"அட, எனக்கென்னடி தப்பு? நானென்ன பரீட்சையா எழுதறேன்? கம்முனு அடி."

"சரிங்ம்மா"ன்னா.

போயி நின்னேன். பக்கத்துல நின்ன புள்ள கைய நெஞ்சுக்குக் குறுக்கக் கட்டிட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு, வாய்க்குள்ள என்னமோ சாமி பேரச் சொல்லிட்டு நின்னா. அவ ஒடம்பு நடுங்கறது என்ற தோளு வரைக்கும் வந்துச்சு. "கண்ணத் தொறடி, இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?"ன்னு அவளையும் அதட்டுனேன்.

சிபி சாரு விசில வாயில வெச்சாரு. ஊத முடியல, காத்துதான் வந்துச்சு. கையத் தூக்கிக் காட்டுனாரு.

தாரணி பின்னால போனா. நேத்ரா போறதவிட இன்னும் நாலெட்டு எச்சாவே போனா. நின்னு, கோலப் பாக்கல. கோல்கீப்பரப் பாக்கல. என்னையப் பாத்தா. இமைக்காமப் பாத்துட்டே ஓடியாந்தா.

நான் குனிஞ்சேன்.

குனிஞ்ச எடத்துக்கே அடிச்சா.